அணிப்பற்றும் ஆணின் எடையும்: ரசிகர்களை மெலியவைக்கும் திட்டங்கள் பற்றி ஒரு மதிப்பாய்வு

நாற்பதைத் தாண்டிய ஆணுக்குத் தொப்பை விழுவதும், அதைத் தொடர்ந்து சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வதும் இன்று பெரும்பாலான நாடுகளில் காணப்படும் நிலை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2002இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டிவிட்டது. உணவைக் கட்டுப்படுத்தி, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, சராசரியாக ஐந்தரை கிலோ எடை குறைத்த குழுவினரிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது.

வழி தெரிந்திருந்தும் அந்த வழியில் நடப்பவர்களில் ஆண்கள் குறைவு. மேற்சொன்ன ஆய்வில் சேர்ந்த 3,234 பேரில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். வாழ்க்கைமுறை மாற்றத்தின் மூலம் எடை குறைக்கும் சோதனைகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வில் ஆண்களின் பங்கு 27 விழுக்காடுதான். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவை வழியாக எடைக்குறைப்பு வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, பத்துப் பேருக்கு ஒருவர்தான் ஆண். ஆண்களிடம் உடற்பருமன் குறைவு என்று இதற்குச் சமாதானம் சொல்லவும் முடியாது.

ஆண்கள் ஏன் வருவதில்லை, அவர்களை எப்படி வரவழைப்பது என்ற கேள்விக்குப் பல காலமாகப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஆணின் மனப்போக்கில் குறை இருக்கிறது என்பது ஒரு விடை. சேவைகள் அமைக்கப்பட்ட விதத்தில் குறை இருக்கிறது என்பது இன்னொன்று. கடந்த பதினைந்து ஆண்டுகளில் கால்பந்து மைதானங்களிலிருந்து மூன்றாவது விடை ஒன்று வலுப்பெற்றிருக்கிறது. ஓர் ஆண் ஏற்கெனவே எதன்மேல் உயிரையே வைத்திருக்கிறானோ, அந்த அணியின் வாசல் வழியாகவே அவனை உடல்நலத்துக்கு அழைத்து வரலாம் என்கிறது அது. இந்த மூன்றாவது விடை எங்கிருந்து வந்தது, அதன் சான்றுகள் எவ்வளவு உறுதியானவை, எங்கே ஆட்டம் காண்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆண்மையைக் காரணம் காட்டிய விடை

உடம்புக்கு முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதே ஆணுக்கு இழுக்கு என்ற எண்ணம் பழையது. அதற்குக் கோட்பாட்டு வடிவம் கிடைத்தது பின்னால்தான். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் 1995இல் எழுதிய ‘மாஸ்குலினிட்டீஸ்’ நூல், ஆண்மை என்பது ஒரே வார்ப்பு கிடையாது, பல வகை ஆண்மைகளுக்குள் ஒன்று மற்றவற்றை ஆதிக்கம் செய்கிறது என்று விளக்கியது. இந்தச் சிந்தனையை உடல்நலத்தோடு பொருத்திய வில் கோர்ட்னி, 2000இல் ஒரு படி மேலே போனார். அதிகமாகக் குடிப்பது, வலியைப் பொறுத்துக்கொள்வது, மருத்துவரைத் தவிர்ப்பது போன்றவை அறியாமையால் நடப்பவை என்று எண்ண வேண்டாம், தன்னை ஆண் என்று நிறுவிக்கொள்ளும் செயல்களே அவை என்பது அவர் வாதம். உணவுக் கட்டுப்பாடு ‘பெண்கள் விஷயம்’ என்று ஒதுக்கப்படுவதை இந்தப் பார்வை நன்றாகவே விளக்கியது.

விளக்குவதில் வலிமையாக இருந்த இந்த விடை, தீர்வு சொல்வதில் தடுமாறியது. ஆண்மைக் கருத்தாக்கத்தையே மாற்றினால்தான் உடல்நலம் மாறும் என்றால், அதற்குத் தலைமுறைகள் ஆகும். ஆண்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாக நடத்தும் தொனியும் இதில் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சிந்தனையில் ஒரு திருப்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. ரோசலீன் ஓ'பிரையன், கேட் ஹண்ட், கிரஹாம் ஹார்ட் மூவரும் பல தரப்பட்ட ஆண்களோடு குழு உரையாடல்கள் நடத்தி 2005இல் எழுதிய கட்டுரை, ஆண்கள் உதவி தேடத் தயங்குவதை உறுதிப்படுத்தியது. அதோடு, எப்போது தயங்குவதில்லை என்பதையும் கவனித்தது. தீயணைப்பு வீரர் தன் வேலையைத் தக்கவைத்துக்கொள்ள உடலைப் பரிசோதித்துக்கொள்வார். தனக்கு அந்தத் தயக்கத்தைவிட மதிப்பான ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள உதவும் என்றால், அதே ஆண் தயக்கமில்லாமல் மருத்துவரிடம் போவார். அப்படியானால் ஆண்மையை எதிர்த்து நிற்பதற்குப் பதிலாக, அதற்குள்ளேயே ஒரு வழி தேட முடியும். பின்னாளில் கால்பந்து ரசிகர் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் கேட் ஹண்டும் ஒருவர் என்பது தற்செயல் ஆகாது.

இடத்தையும் மொழியையும் மாற்றிய விடை

இதற்கு இணையாக வளர்ந்த இன்னொரு கருத்து, குறையை ஆண்களிடம் தேடாமல் சேவைகளிடம் தேடியது. பெரும்பாலும் பெண்களே அமர்ந்திருக்கும் வகுப்பு, அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் மருத்துவ மையம், ‘டயட்’ என்ற பேச்சு ஆகியவை ஆணை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன என்றது அது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பிலிப் மோர்கன் குழுவினர் ஆண்களுக்கென்றே உருவாக்கிய ‘ஷெட்-இட்’ திட்டம், வீட்டிலிருந்தபடியே பின்பற்றும் வகையில் அமைந்து நல்ல பலன் தந்தது. விளையாட்டு ரசனையைத் தொடாமலும் ஆண்களை எடை குறைக்கவைக்க முடியும் என்பதற்கு இது சான்று. ரசிகர் திட்டங்களை எடைபோடும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2009 முதல் 2012 வரை பதினாறு பிரீமியர் லீக் கால்பந்துக் கிளப்புகள் ஆண்களுக்கான உடல்நலத் திட்டங்களை நடத்தின. மருத்துவரிடம் எட்டிப்பார்க்காத ஆண்கள் கிளப் என்றதும் வந்தார்கள் என்பதை அவற்றின் மதிப்பீடுகள் பதிவு செய்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால், நிகழ்ந்த மாற்றங்கள் திட்டத்தால் நிகழ்ந்தவையா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஸ்காட்லாந்தின் சோதனை

அந்த இடைவெளியை நிரப்பியது கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெய்னிங்’. கேட் ஹண்ட், சாலி வைக், சிண்டி கிரே ஆகியோர் அடங்கிய குழு ஸ்காட்டிஷ் பிரீமியர் லீகின் அறக்கட்டளையோடு சேர்ந்து இதை வடிவமைத்தது. 35 முதல் 65 வயது வரை, உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 28 அல்லது அதற்கு மேல் உள்ள ஆண் ரசிகர்களுக்கான திட்டம் இது.

வாரம் ஒரு நாள், தொண்ணூறு நிமிடம், பன்னிரண்டு வாரம். வகுப்பு நடப்பது அந்தந்தக் கிளப்பின் சொந்த மைதானத்தில். நடத்துபவர்கள் கிளப்பின் சமூகப் பிரிவில் வேலை செய்யும் பயிற்சியாளர்கள். மருத்துவர்களோ உணவியல் வல்லுநர்களோ இல்லை. தொடக்க வாரங்களில் பேச்சு அதிகம்: தட்டில் எவ்வளவு சோறு, எவ்வளவு காய், ஒரு பைன்ட் பீரில் எத்தனை கலோரி என்பது போன்றவை. வாரங்கள் செல்லச் செல்லப் பேச்சு குறைந்து உடற்பயிற்சி கூடும். ஒவ்வொருவருக்கும் இடுப்பில் செருகிக்கொள்ள, நடக்கும் அடிகளை எண்ணும் சிறு கருவி கொடுப்பார்கள். முதல் வாரம் வழக்கம்போல் நடந்து, எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த வாரங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி குறைத்து, உடல் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை குறைப்பது இலக்கு. கிளப்பின் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து, டிவியில் மட்டுமே பார்த்த மைதானத்தின் ஓரத்தில் நின்று உடற்பயிற்சி செய்வது பலருக்குத் தனிப் பெருமையாக இருந்தது. பன்னிரண்டு வாரம் முடிந்தபின் அவ்வப்போது மின்னஞ்சல், ஒன்பதாம் மாதத்தில் ஒரு சந்திப்பு. தொடர்பு அதோடு சரி.

இதைச் சோதிக்க 2011-12இல் பதின்மூன்று தொழில்முறைக் கிளப்புகளில் 747 ஆண்கள் சேர்க்கப்பட்டனர். யார் உடனே தொடங்குவது, யார் ஓராண்டு காத்திருப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. சராசரி வயது 47, சராசரி பி.எம்.ஐ. 35ஐ ஒட்டி. லேசாகச் சதை போட்டவர்கள் என்ற கட்டத்தைத் தாண்டி, நோயின் விளிம்பில் நின்றவர்கள் இவர்கள். முடிவுகள் 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஓராண்டு முடிவில், உடனே தொடங்கியவர்கள் காத்திருந்தவர்களைவிடச் சராசரியாக 4.94 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். ஐந்து விழுக்காடும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்கள் முதல் குழுவில் 39 விழுக்காடு. இரண்டாம் குழுவில் 11. ஓராண்டு அளவீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் முதல் குழுவில் 89 விழுக்காடு. பாதிப் பேர் இடையிலேயே காணாமல் போவது வாடிக்கையாகிவிட்ட எடைக்குறைப்பு ஆய்வுகளில் இது அரிது. கிடைக்கும் பலனைத் தரம் சரிசெய்த வாழ்நாள் ஆண்டாகக் (முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு ஈடான அளவு) கணக்கிட்டபோது, அத்தகைய ஓர் ஆண்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 13,800 பவுண்டு. பிரிட்டனில் அரசுச் சேவைகளுக்கு ஏற்கத்தக்கதாக அப்போது கருதப்பட்ட 20,000 பவுண்டு வரம்புக்குள் அது அடங்கியது.

எடை குறைவது எளிது, அதைத் தக்கவைப்பதே கடினம் என்பது எல்லாரும் அறிந்தது. மூன்றரை ஆண்டு கழித்து அதே ஆட்களை அளந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. முதல் குழுவினர் தொடக்க எடையைவிடச் சராசரியாக 2.90 கிலோ குறைவாகவே இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்த நிலையைத் தக்கவைத்திருந்தார்கள். குறைந்ததில் ஏறக்குறைய பாதி திரும்பி வந்துவிட்டது, பாதி நின்றுவிட்டது என்று இதைப் படிக்கலாம். ஆனால் மூன்றரை ஆண்டு அளவீட்டில் ஒப்பீட்டுக் குழு என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. காத்திருந்தவர்களும் இதற்குள் பயிற்சி பெற்றுவிட்டார்கள். எனவே இந்த எண், முதல் ஆண்டு எண்ணுக்குச் சமமான உறுதி உடையது என்று கொள்வதற்கில்லை.

வேறு மண்ணில், வேறு ஆட்டத்தில்

ஒரு திட்டம் ஓர் ஊரில் வெற்றி பெற்றால், அது திட்டத்தின் வெற்றியா, அந்த ஊரின் வெற்றியா என்ற கேள்வி எழும். கால்பந்தே மூச்சாக வாழும் ஸ்காட்லாந்தில் நடந்தது வேறெங்கும் நடக்குமா?

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் லண்டன் நைட்ஸ், சார்னியா ஸ்டிங் என்ற இரு ஐஸ் ஹாக்கி அணிகளின் ரசிகர்கள் 80 பேரை வைத்து ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது. பன்னிரண்டு வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு 3.6 கிலோ. மேற்கு ஆஸ்திரேலியாவில் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ், ஃப்ரீமேன்டில் டாக்கர்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணிகளோடு ‘ஆஸி-ஃபிட்’ நடந்தது. 130 பேர் பங்கேற்ற அதில், மூன்று மாதத்தில் வேறுபாடு 3.3 கிலோ. நியூசிலாந்தில் ரக்பி ரசிகர்களுக்கும், ஜெர்மனியில் புண்டஸ்லிகா ரசிகர்களுக்கும் இதே மாதிரியான திட்டங்கள் உருவாயின. ஆட்டம் மாறினாலும், பந்தின் வடிவம் மாறினாலும், விளைவின் திசை மாறவில்லை. ஆனால் இவற்றில் பல சிறியவை, சில மாதங்களுக்கு மட்டுமே அளந்தவை.

பெரிய அளவில் நடந்த ‘யூரோஃபிட்’ இன்னும் சிக்கலான செய்தியைத் தந்தது. இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்ச்சுகல் ஆகிய நான்கு நாடுகளில், ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, பி.எஸ்.வி., பென்ஃபிகா, போர்ட்டோ உள்ளிட்ட பதினைந்து கிளப்புகளில், 1,113 ஆண்கள் பங்கேற்றார்கள். இத்திட்டத்தின் முதன்மை நோக்கம் எடைக்குறைப்பு கிடையாது. கூடுதலாக நடக்கவைப்பதும், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுமே நோக்கம். 2019இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் நாளொன்றுக்கு 678 அடி கூடுதலாக நடந்தார்கள். உட்காரும் நேரம் குறையவில்லை. எடை வேறுபாடு 2.4 கிலோ, ஸ்காட்லாந்தில் கிடைத்ததில் பாதி. இங்கும் அழைத்தது கிளப்தான், ரசிகர்களின் ஆர்வமும் குறைந்ததல்ல. ஆனால் பாடத்திட்டத்தில் எதற்கு அழுத்தம் கொடுக்கப்பட்டதோ அதற்கேற்பப் பலனும் மாறியது. அணிப்பற்று மட்டுமே எடையைக் குறைத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பலன் எதிலிருந்து வருகிறது?

ரசிகர் திட்டங்கள் பலன் தருகின்றன என்று ஏற்றுக்கொள்பவர்களும், ஏன் தருகின்றன என்பதில் ஒன்றுபடவில்லை. மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, அடையாளம். ஹென்றி டாஜ்ஃபெல், ஜான் டர்னர் இருவரும் 1979இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு, ஒருவர் தன்னைப் பற்றிய மதிப்பில் ஒரு பகுதியைத் தான் சார்ந்த குழுவிலிருந்து பெறுகிறார் என்கிறது. ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செய்த ஆய்வு இதற்கு முன்னோடி. தங்கள் அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகச் சின்னம் தரித்த உடையை அணிந்து வரும் மாணவர்கள் கூடினார்கள். இவ்வளவு ஆழமான பிணைப்பு உடல்நலத்தோடு இணைந்தால், எடை குறைப்பது அணிக்காகச் செய்யும் செயலாகவே மாறக்கூடும்.

இரண்டாவது, தோழமை. வந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வயது, ஒரே உருவம், ஒரே அணி. தன்னைப் போன்றவர்களுக்கு நடுவில்தான் இருக்கிறோம் என்ற நிம்மதி முதல் நாளே வந்துவிடுகிறது. ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே எடைத்தட்டில் ஏறும் சூழலில், மருத்துவர் முன்னால் வாய் திறக்காதவரும் தன் சிக்கலைப் பேசிவிடுகிறார். பங்கேற்றவர்களிடம் எடுத்த நேர்காணல்களில் அடிக்கடி எழுந்த குரல் இதுதான். எடுத்த எடுப்பில் ஈர்த்தது கிளப்; தொடர்ந்து வரவழைத்தது கூட வந்தவர்கள்.

மூன்றாவது, நுட்பம். எட்டக்கூடிய இலக்கு வைப்பது, தன்னைத்தானே அளந்து குறிப்பது, தடுமாறும் நேரத்தை முன்கூட்டியே யோசித்து வைப்பது ஆகியவை எந்த நல்ல எடைக்குறைப்புத் திட்டத்திலும் இருப்பவை. உந்துதல் வெளியிலிருந்து திணிக்கப்படாமல் உள்ளிருந்து எழ வேண்டும் என்ற டெசி, ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடும் இங்கே துணைக்கு வருகிறது. இந்த விளக்கத்தின்படி மைதானம் வெறும் வாசல். வேலை செய்வது பாடத்திட்டம்.

மூன்றில் எது உண்மை என்று இதுவரை நடந்த சோதனைகளால் பிரித்துக் காட்ட முடியவில்லை. காரணம் அவற்றின் வடிவமைப்பு. மேலே சொன்ன முக்கியச் சோதனைகளில் ரசிகர் திட்டத்தில் சேர்ந்தவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிடப்பட்டார்கள். அதே பாடத்திட்டத்தை ஊர்ப் பொதுமண்டபத்தில் படித்தவர்களோடு ஒப்பிடப்படவில்லை. தன் முறை வரும்வரை பொறுப்போம் என்று காத்திருப்பவர் தானாக முயற்சி எடுப்பதைத் தள்ளிப்போடவும் கூடும்; அப்படியானால் வேறுபாடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இந்த எச்சரிக்கை அவசியம்.

அணிப்பற்றின் மறுபக்கம்

ரசிகர் மனம் உடலுக்கு நல்லதை மட்டுமே செய்யும் என்று நினைத்தால் தவறு. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர்கள், தங்கள் நாட்டு அணி ஆடிய நாட்களில் அது 2.66 மடங்காக உயர்ந்ததைக் கண்டார்கள். ஆண்களை மட்டும் பார்த்தால் 3.26 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களிடம் நான்கு மடங்கு. எந்த வயதினரை மைதானத்துக்கு அழைக்கிறோமோ, அந்த வயதினரின் இதயத்தையே ஆட்டத்தின் பதற்றம் சோதிக்கிறது.

உணவிலும் இப்படித்தான். யான் கோர்னில், பியர் ஷாண்டோன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தில் உள்ளூர் அணி தோற்ற மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் உண்ட நிறைவுற்ற கொழுப்பு 16 விழுக்காடு கூடியது. வென்றால் 9 விழுக்காடு குறைந்தது. ஒருவருடைய உணவுக் கட்டுப்பாட்டை அணியின் வெற்றி தோல்வியோடு முடிச்சுப் போடுவது ஆபத்து என்பதை இது உணர்த்துகிறது. ஸ்காட்லாந்துத் திட்டம் அணியின் இடத்தையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டதே தவிர, ஆட்ட முடிவை எடுத்துக்கொள்ளவில்லை. அது சரியான தேர்வாகவே தோன்றுகிறது.

இன்னொரு முரண்பாடு வணிகத்தைச் சார்ந்தது. விளையாட்டுக் கிளப்புகளின் சட்டையிலும் மைதானப் பலகைகளிலும் மது, சூதாட்டம், துரித உணவு, இனிப்புப் பானம் ஆகியவற்றின் விளம்பரங்கள் இடம்பெற்று வந்திருக்கின்றன. வார நாளில் பீரின் கலோரியைக் கணக்கிடச் சொல்லிவிட்டு, வார இறுதியில் அதே வளாகத்தில் அதையே விற்பது, திட்டத்தின் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. சில நூறு ரசிகர்களை மெலியவைக்கும் கிளப், பல்லாயிரம் பேர் முன்னால் வைக்கும் விளம்பரத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பொதுச் சுகாதாரத் துறையினரின் கேள்வி நியாயமானது.

மூன்றாவது விமர்சனம், பாலினம் சார்ந்தது. ஆண்களைக் கலாய்ப்பு, போட்டி, பந்து ஆகியவற்றின் வழியாக மட்டுமே அணுகுவது, பழைய ஆண்மையை இன்னும் கெட்டிப்படுத்திவிடாதா என்பது அதன் சாரம். ஆராய்ச்சியாளர்கள் தரும் பதில், மைதானத்துக்குள் வந்தபின் ஆண்கள் சமையல், பயம், உடல் வெட்கம் ஆகியவற்றைப் பற்றியும் பேசினார்கள் என்பதே. பழக்கமான ஆண்மைக்குள் நுழைந்து, அதன் எல்லையைக் கொஞ்சம் அகலப்படுத்துவதாக அவர்கள் இதைக் காண்கிறார்கள். நேர்காணல்கள் இதற்கு ஓரளவு துணை நிற்கின்றன. ஆனால் அந்த மாற்றம் வீட்டுக்குள்ளும் நீடித்ததா என்பதற்கு வலுவான சான்று தேவைப்படுகிறது.

கடைசியாக, யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வி. ஸ்காட்லாந்துச் சோதனையின் பெரும் சாதனை, ஏழை, பணக்காரர் என்று எல்லா வகைப் பகுதிகளிலிருந்தும் ஆண்கள் வந்தது. ஆனால் சிறுபான்மை இனத்தவர் மிகக் குறைவு. விளையாட்டில் நாட்டமே இல்லாதவருக்கும், பள்ளிக் காலத்தில் மைதானத்தில் அவமானப்பட்டவருக்கும், கிளப்பின் வாசல் அழைப்பாகத் தெரிய வாய்ப்பில்லை.

போட்டிக்கு நிற்கும் வழிகள்

ரசிகர் திட்டங்களைத் தனியாக மதிப்பிடுவது போதாது. மற்ற வழிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வழி, பார்ப்பவரை ஆடுபவராக்குவது. இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் 2016இல் தொடங்கிய ‘மேன் வி ஃபேட் ஃபுட்பால்’ லீகில், அடித்த கோல்களோடு ஆட்டக்காரர்கள் குறைத்த எடையும் அணியின் கணக்கில் சேர்கிறது. இங்கே பெரிய கிளப்பின் பெயர் இல்லை. ஆட்டமும் தோழமையுமே மூலதனம்.

இன்னொரு வழி, பணம். பெல்ஃபாஸ்ட், பிரிஸ்டல், கிளாஸ்கோ ஆகிய நகரங்களில் 585 ஆண்களிடம் நடந்த ‘கேம் ஆஃப் ஸ்டோன்ஸ்’ சோதனையின் முடிவு 2024இல் வந்தது. தினமும் கைபேசிக்கு ஊக்கச் செய்தி அனுப்பி, இலக்கை எட்டினால் 400 பவுண்டு வரை பெறலாம் என்று சொன்ன குழு, ஓராண்டில் சராசரியாக 4.8 விழுக்காடு எடை குறைத்தது. செய்தி மட்டும் பெற்றவர்கள் 2.7, ஒப்பீட்டுக் குழு 1.3. வகுப்பு, பயிற்சியாளர், மைதானம் எதுவும் இல்லாமலேயே கிடைத்த பலன் இது. பணம் நின்றபின் என்ன ஆகும் என்பது அந்த வழியின் தலைவலி.

மூன்றாவது, மருந்து. செமாக்ளுடைடு ஊசியைச் சோதித்து 2021இல் வெளியான முதல் பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரி எடைக்குறைப்பு 14.9 விழுக்காடு. எந்த மைதானமும் தர முடியாத அளவு இது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது. அந்த ஆய்விலும் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்களை எப்படி வரவழைப்பது என்ற பழைய கேள்வியை மருந்தாலும் தவிர்க்க முடியவில்லை. மருந்து எடுப்பவர் நடக்கவும், தசையைக் காக்கவும், நிறுத்தியபின் தாக்குப்பிடிக்கவும் ரசிகர் குழு துணையாக முடியுமா என்பது ஆராயத் தக்க கேள்வி.

தெற்காசிய ஆணுக்குப் பொருந்துமா?

நம் ஊர் வாசகருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. முதலில் அளவுகோல். ஸ்காட்லாந்துத் திட்டத்தில் நுழைய பி.எம்.ஐ. 28 வேண்டும், 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 81 கிலோ. ஆசியர்களுக்கு ஆபத்து 23இலிருந்தே கூடத் தொடங்குகிறது என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவன வல்லுநர் குழு சுட்டிக்காட்டியது. அதே உயரத்துக்கு அது 66, 67 கிலோ. ஸ்காட்லாந்தின் வாசல் அளவை அப்படியே வைத்தால், சர்க்கரை நோயை நெருங்கிக்கொண்டிருக்கும் நம் ஆண்களில் பெரும்பாலோர் வெளியேதான் நிற்பார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டு ஆண்களில் 37 விழுக்காட்டினரின் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டிருந்தது அல்லது தாண்டியிருந்தது. தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அணிப்பற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் அமைப்பு வேறு. ஸ்காட்டிஷ் கிளப் ஓர் ஊரின் நடுவே நூறாண்டுக்கு மேல் வேரூன்றி, ஆண்டு முழுதும் இயங்கும் சமூகப் பிரிவும் அதற்கென்று பயிற்சியாளர்களும் கொண்டது. ஐ.பி.எல். கிரிக்கெட் அணிக்கு ஆட்டக் காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டம். பன்னிரண்டு வாரம் வாராவாரம் கூடக்கூடிய இடமும், அதை நடத்தும் ஆளும், அணிச் சட்டையின் கவர்ச்சியிலிருந்து தாமாக வந்துவிடா. தெருமுனைக் கிரிக்கெட் கிளப்பும் கபடிக் குழுவும் அந்த இடத்தை இன்னும் நன்றாக நிரப்பக்கூடும். அதைச் சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது.

மதிப்பீடு

இதுவரை கிடைத்த சான்றுகளிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். தொழில்முறைக் கிளப்பின் பெயரில் அழைத்தால், வேறெந்த எடைக்குறைப்புத் திட்டத்துக்கும் வராத ஆண்கள் வருகிறார்கள், வந்தவர்கள் பெரும்பாலும் நிலைக்கிறார்கள். இதில் நாட்டுக்கு நாடு ஒத்த முடிவுகள் கிடைத்திருக்கின்றன. நல்ல பாடத்திட்டம் சேர்ந்தால், ஓராண்டில் மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தத் தக்க எடைக்குறைப்பு கிடைக்கிறது. இதற்கான வலுவான சான்று ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. மற்ற இடங்களில் பலன் சற்றுச் சிறிதாகவோ, குறுகிய காலத்துக்கு மட்டும் அளக்கப்பட்டதாகவோ இருக்கிறது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் அதிகம். பலனில் அணிப்பற்றின் பங்கு எவ்வளவு, தோழமையின் பங்கு எவ்வளவு என்பது பிரித்தறியப்படவில்லை. அதே பாடத்திட்டத்தைக் கிளப்பிலும் சாதாரண மண்டபத்திலும் நடத்தி ஒப்பிடும் சோதனை வந்தால் இந்த விவாதம் பெருமளவு தெளியும். சில ஆண்டுகளுக்குப் பின் மிஞ்சும் இரண்டு, மூன்று கிலோ வேறுபாடு மாரடைப்பையும் சர்க்கரை நோயையும் எவ்வளவு தடுக்கும் என்பதை நேரடியாக அளந்தாக வேண்டும். ரசிகராக இல்லாத ஆண்களுக்கு என்ன வாசல் திறப்பது, மலிவாகி வரும் மருந்துகளுக்கு அருகில் இத்திட்டங்களுக்கு என்ன இடம், விளம்பர வருமானத்தில் வாழும் கிளப்புகள் எதுவரை நம்பத் தகுந்த கூட்டாளிகள் என்பனவும் திறந்த கேள்விகளே.

இருந்தாலும், இந்த ஆய்வுகள் ஒரு பழைய பழக்கத்தை வலுவாக அசைத்திருக்கின்றன. ஆண்கள் தங்கள் உடலைப் பற்றி அக்கறையற்றவர்கள் என்று கைகழுவிவிடுவது இனி எளிதன்று. தங்களுக்குப் பழக்கமான இடத்தில், தங்களைப் போன்றவர்களோடு, மரியாதையோடு அழைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான நடுவயது ஆண்கள் வந்தார்கள், எடைத்தட்டில் ஏறினார்கள், திரும்பவும் வந்தார்கள். அந்த இடம் கால்பந்து மைதானமாக மட்டுமே இருக்க வேண்டுமா என்பதை அடுத்த தலைமுறைச் சோதனைகள் சொல்லட்டும். எந்தச் சேவையை அமைத்தாலும் அது ஆண்கள் ஏற்கெனவே கூடும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு, இப்போதுள்ள சான்றே போதும்.